மாவுச்சட்டியை மூடிய தட்டு

உக்காருங்கக்கா, இங்க யாரும் இல்ல. என் பைதான் உக்காந்திருக்கு, எடுத்துக்கிறேன். நீங்களும் வீல்சேர் வரிசையா? எந்த ஊரு? மன்னார்குடியா, சரி சரி. எனக்கு மதுரைப் பக்கம், திருமங்கலம். பேரு அங்கயற்கண்ணி. முப்பத்தோரு வருஷம் சத்துணவு மையம் நடத்தி ரிட்டையர் ஆனவ. அதான் குரல் கொஞ்சம் சத்தமா இருக்கும், தப்பா நினைக்காதீங்க.

நீங்க முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே உக்காருறீங்க, உங்களுக்கு வீல்சேர் வேணும். எனக்கு வேணாம். இந்தா பாருங்க, ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. மகன் டிக்கெட் போடும்போதே வீல்சேர்னு சேர்த்துப் போட்டுட்டான். நம்ம ஊரு அம்மாமாருக்கு எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே போடுதுங்க? கால் வலிக்காக இல்ல. ப்ளைட் மாறுற எடத்துல பாஷை தெரியாம முழிச்சுக்கிட்டு நிப்போம்னு. போகும்போது நானும் வாயை மூடிக்கிட்டு உக்காந்துதான் போனேன், நோயாளி மாதிரி. இந்தத் தடவை உக்கார மாட்டேன். அந்தத் தள்ளுறவரு ரெண்டு தரம் வந்து கூப்பிட்டுப் போயிட்டாரு. வரட்டும். அடுத்த ப்ளைட்டுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.

ஆறு மாசம் இருக்கத்தான் போனேன். நாலாவது மாசமே அனுப்பிட்டான். ஏன்னு கேளுங்க. மருமகளோட சண்டையா? இல்ல, பிரவீணா நல்ல பிள்ளை, அத்தை அத்தைன்னு காலைச் சுத்தி வரும். சமையல்ல சண்டையா? அதுவும் இல்ல. ஒரு தட்டுக்கா, ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதுக்காக என்னை ஊருக்கு அனுப்பிட்டான் என் மகன் இளமாறன்.

சொல்றேன், இருங்க. அவன் இருக்கிறது அமெரிக்காவுல சார்லட்னு ஒரு ஊரு. வீட்டுக்குப் பின்னாடி பெரிய பார்க். காடு மாதிரி பைன் மரம். ரெண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு நான் அங்கதான் நடப்பேன். அங்கங்க நெஞ்சுயரக் கம்பம் நட்டு, நடுவுல ஒரு இரும்புக் கூடை, அதுக்கு மேல சுத்தி வர சங்கிலி தொங்கவிட்டிருப்பாங்க. என்னடா இதுன்னு பார்த்தேன். குருவிக்குத் தீனி வைக்கிறதுபோலன்னு நினைச்சு, தினமும் ஒரு பிடி அரிசி கொண்டுபோய் அந்தக் கூடையில போட்டுட்டு வருவேன். ஒரு வாரம் போட்டேன். எல்லாம் கீழே ஒழுகிப்போகும். நானும் இந்த ஊரு ஜனங்களுக்குக் கூடை பின்னத் தெரியலைன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்படி நடக்கும்போதுதான் ஒரு புதருக்குள்ள அந்தத் தட்டு கிடந்துச்சு. ஆரஞ்சு கலரு, சுத்தி விளிம்பு மடிஞ்சு. நல்ல கனமான பிளாஸ்டிக். யாரோ வேண்டாம்னு போட்டதுன்னு எடுத்துட்டு வந்து கழுவி, தோசை மாவுச் சட்டிக்கு மூடியா போட்டேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துச்சு. அந்த வீட்டுல எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடையாதுக்கா, அலுமினியப் பேப்பரைச் சுத்தி வைக்குதுங்க.

ஒரு வாரம் கழிச்சுத் தேய்க்கும்போது பார்க்கிறேன், தட்டுக்கு அடியில பேனாவுல ஒரு பேரும் ஒரு போன் நம்பரும் எழுதியிருக்கு. டார்லீன்னு. எனக்கு அப்படியே ஒடம்பு கூசிப்போச்சு. நம்ம ஊர்ல எவர்சில்வர் பாத்திரத்துல பேரு வெட்டுறது எதுக்கு? பந்தியில மாறிப்போனாலும் வீடு வந்து சேரணும்னுதானே? பேரு வெட்டின பாத்திரத்தை வச்சுக்கிறவளுக்குப் பேரு என்ன? அதை நானா செய்யணும்? அன்னைக்கே பிரவீணாவை விட்டு அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலையில பார்க்கில வாங்கிக்கிறேன்னு பதில் வந்துச்சு.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மகிட்ட உண்டா? தட்டு நிறைய முறுக்கு சுட்டு அடுக்கிக் கொண்டுபோனேன். அந்த டார்லீன் என் வயசுக்காரி, ஸ்கூல் பஸ் ஓட்டுறவ, கையெல்லாம் வெயில்ல சிவந்து கெடந்துச்சு. தட்டைப் பார்த்தா, முறுக்கைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, பார்க்கே திரும்பிப் பார்த்துச்சு. நின்ன எடத்துலயே ஆறு முறுக்கு தின்னா. தின்னுட்டு அந்தத் தட்டைச் சட்டையில தொடைச்சு, கையை ஒரு வீசு. அது தரையோட தரையா மிதந்துபோய் தூரத்துல இருந்த அந்தச் சங்கிலியில ஜல்லுனு விழுந்து, கூடைக்குள்ள உக்காந்துருச்சு.

அதுதாங்கக்கா ஆட்டம். டிஸ்க் கோல்ஃப்னு பேரு. ஒரு கூடையில இருந்து அடுத்த கூடைக்கு எறிஞ்சுக்கிட்டே போகணும். தட்டு எங்க விழுதோ அங்க நின்னு அடுத்த எறி. யாரு குறைச்ச எறியில முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. இதுல குருவியும் கிடையாது, அரிசியும் கிடையாது. நான் அரிசி போட்ட கதையைச் சொல்லலாம்னா இங்கிலீஷ் வரல. பேப்பர் படிப்பேன், சொன்னா புரியும், பேச வராது. அதுவும் நல்லதுக்குத்தான்.

அவ கார்ல இருந்து இன்னொரு பழைய தட்டை எடுத்து என் கையில கொடுத்தா. நீலக் கலரு. எறின்னு சைகை காட்டுனா. நான் முந்தானையை இழுத்துச் சொருகினேன். ஏன்னு தெரியல, கை தானா போயி சொருகிருச்சு.

உங்க ஸ்கூல்ல ரிங் ஆடுவாங்களா? டென்னிகாய்ட்? அதான், ரப்பர் வளையத்தை வலைக்கு மேல எறிஞ்சு பிடிக்கிறது. நான் ஆடுவேன். சும்மா இல்ல, மாவட்டத்துல ஜெயிச்சவ. பதினொண்ணாவது படிக்கும்போது அடுத்த போட்டி திருச்சியில. எங்கப்பா வாத்தியாரு. தாவணி போட்ட பிள்ளை ஊரு ஊராப் போயி ஆடுறதான்னு ஒரே வார்த்தை. அழுதேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்னாரு. என் எடத்துல தமயந்தின்னு ஒருத்தி போனா, மொத ஆட்டத்துலயே தோத்து வந்தா. நான் போயிருந்தா தோத்திருக்க மாட்டேன். இப்பவும் சொல்றேன், தோத்திருக்க மாட்டேன்.

சரி, தட்டுக்கு வர்றேன். எறிஞ்சேன். தட்டு நேரா மேல ஏறுச்சு, அங்கயே ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, இடது பக்கம் சரிஞ்சு எனக்குப் பின்னாடி விழுந்துச்சு. முன்னாடி எறிஞ்சது பின்னாடி விழுந்தா எப்படி இருக்கும்? மறுபடி எறிஞ்சேன், மறுபடி மேல. பத்துத் தரம். டார்லீன் என் கையை உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா. நான் வலைக்கு மேல போகணும்னு தூக்கித் தூக்கி விடுறேன்னு எனக்கே அப்பத்தான் பிடிபட்டுச்சு. நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் கைக்கு முன்னாடி வலை கட்டியே இருக்கு. தரையில குச்சியால வலை மாதிரி கோடு போட்டுக் காட்டுனேன். அவளுக்குப் புரிஞ்சுருச்சு. தலையை ஆட்டிக்கிட்டு, கையை அகல விரிச்சு, "நோ நெட்! நோ நெட்!"னு கத்துனா. எனக்கு ஏன் கண்ணு கலங்குச்சுன்னு தெரியல. தூசியா இருக்கும்.

அதுக்கப்புறம் தினமும் ஆட்டந்தான். அவ காலை டிரிப்பு முடிச்சுட்டு வருவா, நான் பிரவீணா வாங்கிக் கொடுத்த ஷூவை மாட்டிக்கிட்டுப் போயிருவேன். புடவையும் ஷூவும். பார்க்கிறவன் பார்த்துட்டுப் போறான். மொத நாள் மொத கூடைக்கு எனக்குப் பதினாலு எறி. எனக்கு ஆத்திரம். தூரமா போற தட்டைக் கொடுன்னு அவ பையில இருந்த மெல்லிசு விளிம்புத் தட்டைப் பிடுங்குனேன். கொடுக்கல. புதுசா வர்றவங்க அதை எறிஞ்சா இன்னும் கோணலாத்தான் போகுமாம். இந்த நீலத் தட்டு ஒண்ணு போதும், இதை நேரா எறியப் பழகுன்னுட்டா. ஒரே தட்டு. ஒரு மாசம். மரத்துல அடிச்சேன், புதர்ல தொலைச்சேன், ஒரு தரம் நடந்துபோன ஆளோட தொப்பியைத் தட்டிவிட்டேன். அவரு கும்பிடு போட்டாரு. நானும் போட்டேன்.

அந்த ஆட்டத்துல ஒரு சட்டம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லாரும் ஒரு தடவை எறிஞ்சதும், யாரு தட்டு கூடைக்கு ரொம்ப தூரத்துல கிடக்கோ அவங்கதான் அடுத்து மொதல்ல எறியணும். நல்லா ஆடுறவ காத்துக்கிட்டு நிக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. எனக்காக நாலு பேரு வாயை மூடிக்கிட்டு நின்னது என் ஆயுசுல அங்கதான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் பேசுனா நடுவுல பேசாத ஆளு கிடையாது எங்க வீட்டுல.

மகனுக்குத் தெரியுமான்னு கேக்குறீங்களா? நடக்கப் போறேன்னுதான் சொல்லியிருந்தேன். பொய் இல்லையே, நடக்கத்தானே செய்யுறேன். பிரவீணாவுக்குத் தெரியும், அது வாயே திறக்கல.

ஒரு செவ்வாக்கிழமை வினை வந்துச்சு. தட்டு ஓடைக் கரையில விழுந்துச்சு. எடுக்கப் போனேன். அந்த பைன் மரத்து ஊசி இலை மழை பெஞ்சா எண்ணெய் ஊத்துன மாதிரி இருக்கும். சறுக்கி முழங்கால் அளவுத் தண்ணியில உக்காந்துட்டேன். அவ்வளவுதான். முட்டியில கொஞ்சம் தோலு பேந்துச்சு. டார்லீன் வண்டியில வீட்டுல கொண்டுவந்து விட்டா. அன்னைக்குன்னு பார்த்து மகன் வீட்டுல இருந்து வேலை பார்க்கிறான். ஈரப் புடவையோட, கையில தட்டோட வாசல்ல நிக்கிறேன்.

கத்துனான்க்கா. நான் பெத்த பிள்ளை என்னைப் பார்த்துக் கத்துனான். "விழுந்து இடுப்பு ஒடஞ்சா என்னம்மா செய்வ? இங்க நான் ஆபீஸ்ல இருப்பேன், உன்னை யாரு பார்ப்பா?"ன்னான். பதறுறான். எதுக்குப் பதறணும்? விழுந்தது நானு. இவங்க அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துதான் போனாரு, மூணு வருஷம் ஆச்சு. இவன் கிளம்பி வந்து சேர ரெண்டு நாளு. வந்தவன் அப்பா மூஞ்சியைப் பார்த்துட்டு நேரா போயி அந்த பாத்ரூம் தரையைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டான். ஒரு மணி நேரம் தேய்ச்சான். துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் பார்க்கிறாங்க, எனக்கு ஒரே வெக்கமா போச்சு. எதுக்குத் தேய்ச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அமெரிக்காவுலயும் என் பாத்ரூம்ல மட்டும் நாலு ரப்பர் பாய் விரிச்சு வச்சிருக்கான். கால் வைக்க எடம் இல்ல.

அன்னைக்கு என் கையில இருந்த நீலத் தட்டைப் பிடுங்கி, சமையல்கட்டு அலமாரிக்கு மேல, எனக்கு எட்டாத எடத்துல போட்டான். "எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா"ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் அவனோட பேட்டை எடுத்து வச்சேன், ஆமா வச்சேன். அவன் பத்தாவது படிக்கும்போது, அவங்க அப்பா வாங்கிக் கொடுத்த கிரிக்கெட் பேட். ராத்திரி பக்கத்துல போட்டுப் படுப்பான். பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கும்போது இன்னும் கிரவுண்டே கதின்னு கிடந்தான். பிடுங்கிப் பரண்ல போட்டேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தாண்டான்னேன். ஒரு நாள் சாப்பிடல. மறுநாள் சாப்பிட்டான். அதுக்கப்புறம் பேட்டுன்னு வாயே திறந்ததில்ல. நானூத்தி எழுபத்தெட்டு மார்க்கு. இன்னைக்கு அமெரிக்காவுல ஒக்காந்திருக்கான்னா எதனால? அது வேற விஷயம்க்கா. பிள்ளை பொருளை அம்மா எடுத்து வைக்கலாம். அம்மா பொருளைப் பிள்ளை எடுத்து வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க.

சரி, கேளுங்க. அந்த வாரம் சனிக்கிழமை பெண்கள் மட்டும் ஆடுற போட்டி. புதுசா ஆடுறவங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு. டார்லீன் என் பேரைக் கொடுத்திருந்தா. முழுப் பேரையும் எழுத்துக் கூட்டி எழுதியிருந்தா, அங்கயற்கண்ணின்னு. மத்த எல்லாருக்கும் ஒரு வரி, எனக்கு ஒன்றரை வரி. நான் போவேன்னு மகன்கிட்டச் சொன்னேன். அவன், "அங்க போனேன்னா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவேன்"னான்.

"போடு"ன்னேன். "ஆனா சனிக்கிழமைக்கு அப்புறம் போடு"ன்னேன்.

பிடிவாதம்க்கா அவனுக்கு. அப்படியே அவங்க அப்பா. எனக்கெல்லாம் பிடிவாதமே கிடையாது, ஒரு தரம் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன், அவ்வளவுதான்.

மூணு நாள் ரெண்டு பேரும் பேசல. பிரவீணா நடுவுல நின்னு, "அத்தை, உப்பு வேணுமானு கேக்குறாரு", "அத்தை வேணாம்கிறாங்க"ன்னு தபால் வேலை பார்த்துச்சு. நான் கொல்லைப்பக்கம் போயி மாவுச்சட்டிக்குப் புதுசா வாங்கின எவர்சில்வர் மூடியை எறிஞ்சு பழகினேன். அது வேலிக்கு அந்தப் பக்கம் போயி விழுந்து, பக்கத்து வீட்டு நாய் கவ்விக்கிட்டு வந்து கொடுத்துச்சு.

சனிக்கிழமை காலையில குளிச்சு, சுங்குடிப் புடவை கட்டி, ஷூ மாட்டி, அவன் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவன் முன்னாடி போயி நின்னு, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். ஒளிஞ்சு போகல. என் தட்டு அலமாரி மேல. டார்லீன் அவளோட ஆரஞ்சுத் தட்டைக் கொடுத்தா. நான் ஒரு வாரம் மாவை மூடி வச்ச அதே தட்டு. கைக்குப் பழகுன தட்டுதானே.

ஒம்பது கூடை. என் பிரிவுல நாலு பேரு. நான் நாலாவது. ஆமா, கடைசிதான், அதுக்கென்ன? மூணாவது வந்தவளுக்கும் எனக்கும் பதினொரு எறி வித்தியாசம். மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒம்பதாவது கூடை இருக்கு பாருங்க, மொத எறி ரெண்டு மரத்துக்கு நடுவுல புகுந்து போச்சு. ரெண்டாவது எறி கூடைக்குப் பதினஞ்சு காலடி தள்ளி நின்னுச்சு. மத்தவங்க தட்டெல்லாம் கிட்டத்துல கிடக்கு. நான்தான் தூரம். நான்தான் மொதல்ல எறியணும். எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க.

அப்பத்தான் பார்க்கிறேன், கார் நிறுத்துற எடத்துல இவன் நிக்கிறான். என் மகன். கையில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. வேவு பார்க்க வந்திருக்கான். வந்தவன் கூப்பிடவும் இல்ல, கிட்ட வரவும் இல்ல, அசையவும் இல்ல. பார்த்துக்கோடான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, வலை இல்ல, வலை இல்லன்னு ரெண்டு தரம் சொல்லிக்கிட்டு, சுண்டி விட்டேன்.

ஜல்லுன்னு விழுந்துச்சுக்கா.

மூணே எறி. நல்லா ஆடுறவங்களுக்கே அந்தக் கூடைக்கு மூணுதான் கணக்கு. டார்லீன் என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்துனா, புடவை எங்கயோ போச்சு. நான் அவன் நின்ன பக்கம் திரும்பிப் பார்த்தேன். போனை இறக்கிட்டு, முழங்கையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். வெயிலு. அப்புறம் கார்ல ஏறிப் போயிட்டான்.

சாயங்காலம் போனைக் கொண்டுவந்து முன்னாடி வச்சான். புதன்கிழமை டிக்கெட்டு. பணம் கட்டல, பார்த்து வச்சிருக்கான். "போடவா?"ன்னான். "போடு"ன்னேன். "வேற ஒண்ணும் சொல்ல வேணாமா?"ன்னான். "சன்னல் சீட்டாப் பார்த்துப் போடு"ன்னேன். இனிமே எறிய மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பான். அதை நான் சொல்லணுமா? எங்கப்பாகிட்டச் சொன்னேன், நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னொரு தரம் சொல்ல மாட்டேன்.

பெட்டியெல்லாம் அவன்தான் கட்டுனான். ஏர்போர்ட்ல விடும்போது குனிஞ்சு என் ஷூ லேசை அவுத்து, மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டான். நானே நல்லாத்தான் கட்டியிருந்தேன். அப்புறம் வீல்சேரைக் காட்டுனான். உக்கார மாட்டேன்னு நடந்துட்டேன். திரும்பிப் பார்க்கல.

உள்ள போலீஸ்காரம்மா என் கைப்பையை மிஷின்ல விட்டுட்டுத் திறக்கச் சொன்னா. திறந்தா, சால்வைக்கு நடுவுல நீலத் தட்டு. என் தட்டு. அலமாரி மேல இருந்தது. அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கொடுத்தா. இந்தாங்க, நீங்களும் பாருங்க. அடியில. தமிழ்ல எழுதியிருக்கான் பார்த்தீங்களா? அவன் தமிழ் எழுதி எத்தனை வருஷமாச்சோ, எழுத்தெல்லாம் நடுங்கி நடுங்கி வந்திருக்கு. அங்கயற்கண்ணி. தட்டுல பாதி வட்டத்துக்கு ஓடுது. என் வீட்டுல எத்தனை பாத்திரம் இருக்கு தெரியுமா? கல்யாணச் சீர்ல எங்கப்பா பேரு, அதுக்கப்புறம் வாங்கினதுல வீட்டுக்காரர் பேரு, சொக்கலிங்கம், சொக்கலிங்கம்னு. என் பேரு போட்ட தட்டு இது ஒண்ணுதான்.

ஆனா அதுக்குக் கீழ பாருங்க. நம்பரு. என் நம்பரா? இல்ல. அவன் நம்பரு, அமெரிக்கா நம்பரு! இதைத்தான் சொல்றேன். எல்லாத்துலயும் அவன் அதிகாரம். திருமங்கலத்துல இந்தத் தட்டு தொலைஞ்சு எவனாவது எடுத்தா, அமெரிக்காவுக்கா போன் பண்ணி, ஐயா உங்கம்மா தட்டு இங்க கிடக்குன்னு சொல்லுவான்? பேனா வச்சிருக்கீங்களா? கொடுங்க, இதை அடிச்சுட்டு என் நம்பரை எழுதணும்.

ஏன்க்கா, கண்ணைத் துடைக்கிறீங்க? ஏசிக் காத்து ஒத்துக்கலையா?

என்ன? பேட்டா? எந்த பேட்டு?

பரண்லதான் இருக்கு. எங்க போகும்? இருபத்தோரு வருஷமா அங்கதான். நான் எடுக்கவும் இல்ல, அவன் கேக்கவும் இல்ல. அவன் கல்யாணத்துக்கு முன்னாடி வெள்ளையடிக்கும்போது பார்த்தேன், பழைய சாக்குல சுத்தி வச்சது அப்படியே இருந்துச்சு. கைப்பிடியில ரப்பர் உரிஞ்சு போயிருந்துச்சு. அப்பவும் இறக்கல. இறக்கியிருக்கலாம். மார்க்கு வாங்கிட்டான், வேலைக்கும் போயிட்டான், அப்பவாவது இறக்கிக் கொடுத்திருக்கலாம்.

இருங்க.

அவன் கொடுத்துட்டான். ஒரே வாரத்துல அலமாரி மேல இருந்து எடுத்துக் கொடுத்துட்டான். எனக்கு இருபத்தோரு வருஷம் பத்தல.

பேனா வேணாம், வச்சுக்கோங்க. அந்த நம்பரு இருக்கட்டும். எனக்கு ஒண்ணுன்னா எடுத்தவங்க யாரைக் கூப்பிடணும்? அவனைத்தானே?

ஊருக்குப் போனதும் மொத வேலை, பரண்ல ஏறணும். ஏணியில காலே வைக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் என்கிட்ட. ஏறுவேன். அவன் சத்தியத்தை அவனே வச்சுக்கட்டும். பேட்டை இறக்கி, துடைச்சு, புது ரப்பர் சுத்தி, பின்பக்கம் பெருசா எழுதுவேன், இளமாறன்னு. அதுக்குக் கீழ என் நம்பரு. அவன் என் தட்டுல அவன் நம்பரைப் போடலாம்னா, நான் அவன் பேட்டுல என் நம்பரைப் போடக்கூடாதா? வெறுமனே அனுப்ப மாட்டேன். பேட்டைச் சுத்தி முறுக்கை அடுக்கித்தான் பார்சல் கட்டுவேன். ஒடஞ்சு போனா தூளைத் திங்கட்டும்.

நான் எறியுறதை விட மாட்டேன், அதுல மாத்தம் இல்ல. கூடை இல்லாட்டி என்ன, என்கிட்ட அன்னக்கூடை இருக்கு, கிணத்துச் சங்கிலி இருக்கு. எங்க சத்துணவு மையத்துக்குப் பின்னாடி கிரவுண்டு சும்மாத்தானே கிடக்கு? நட்டு வைப்பேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.

இந்தா, என் பேரைக் கூப்பிடுறாரு. என்ன பாடு படுத்துறாரு பாருங்க என் பேரை. வாங்க சார், வாங்க. உங்க வண்டியும் பின்னாடியே வருதுக்கா, நீங்க பத்திரமா உக்காருங்க. என் சேர்ல இந்தப் பையை வச்சுக்கட்டும், கனமா இருக்கு. தட்டை மட்டும் இப்படிக் கொடுங்க, அதை நான் கையில வச்சுக்கிறேன்.

நான் நடந்து வர்றேன்.